எச்.ஐ.வி குளிசை எடுப்பவருக்குக் கொலஸ்ட்ரோல் ஏறினால் மருந்தை நிறுத்தலாமா?

கேட்ட தம்பி எழுதியதன் சுருக்கம் இது: வயது 44. திருகோணமலைப் பக்கம். எச்.ஐ.வி மருந்து தொடங்கிச் சில வருடங்கள். தனியார் லாப்பில் பார்த்ததில் எல்.டி.எல் என்ற கெட்ட கொழுப்பு 158, ட்ரைகிளிசரைட் என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 240. மருந்தால்தான் ஏறியதா, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா, எச்.ஐ.வி இருப்பது தெரியாத பக்கத்து டொக்டர் எழுதித் தந்த கொலஸ்ட்ரோல் குளிசையைப் போடலாமா, இறாலை விட வேண்டுமா?

தம்பி, நானும் இதே மாவட்டம்தான், எனக்கும் இதே வருத்தம்தான். டொக்டர் இல்லை. ஆனால் இந்த ரிப்போர்ட்டுகளோடு கனகாலமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

மருந்தை நிறுத்த வேண்டாம். ஒரு கிழமைக்குக்கூட வேண்டாம். கொழுப்பும் மற்றப் பக்கவிளைவுகளும் குறையட்டும் என்று இடைக்கிடை மருந்தை நிறுத்திப் பார்ப்பது நல்லதா என்று பெரிய ஆய்வே நடத்தினார்கள். ஸ்மார்ட் என்று பெயர், 5,472 பேர், முடிவு 2006இல் வந்தது. நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களுக்குத்தான் மரணமும் கூட, இதய நோயும் கூட. வைரஸ் தலைதூக்கினால் உடம்பு முழுக்க அழற்சி கிளம்புகிறது, இரத்தக் குழாயின் உட்சுவரையும் அது விடுவதில்லை. ஆக, இதயத்துக்குப் பயந்து எச்.ஐ.வி குளிசையை நிறுத்துவது தலைகீழான வேலை.

மருந்தால் ஏறியதா என்றால், ஓரளவுக்கு ஆம், ஆனால் எந்த மருந்து என்று பார்க்க வேண்டும். வைத்தியம் தொடங்க முன்பு வைரஸே எல்.டி.எல்லையும் நல்ல கொழுப்பான எச்.டி.எல்லையும் கீழே இழுத்து வைத்திருக்கும், ட்ரைகிளிசரைட்டை மட்டும் ஏற்றும். மருந்து தொடங்கி உடம்பு தேறியதும் எல்.டி.எல் பழைய இடத்துக்குத் திரும்பும். சாப்பாடு நன்றாக இறங்கும், எடை போடும். ரிப்போர்ட்டில் அது 'ஏறிவிட்டது' என்று தெரியும். அந்தப் பங்குக்கு மருந்தைத் திட்டிப் பயனில்லை.

அதற்கு மேல் மருந்தின் சொந்தப் பங்கும் உண்டு. நான் முதலில் எடுத்தது எஃபாவிரென்ஸ் சேர்ந்த குளிசை, இரவில் போடுவது, விசித்திரக் கனவுகளோடு. அது எல்லாக் கொழுப்பையும் கொஞ்சம் ஏற்றும். ரிட்டோனாவிர் சேர்ந்த லொபினாவிர் ட்ரைகிளிசரைட்டை நன்றாகவே தூக்கும். இப்போது கனபேருக்குக் கொடுப்பது டெனோஃபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றான குளிசை. டொலுடெக்ராவிர் கொழுப்பை அதிகம் தொடுவதில்லை. பழைய வகை டெனோஃபோவிர் அதைச் சற்றுக் குறைக்கவும் செய்யும். எனக்கு மாற்றிய பிறகு எண்கள் இறங்கின, எடை ஏறியது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியதுபோல. சிறுநீரகத்துக்காகப் புதுவகை டெனோஃபோவிருக்கு மாற்றினால் எல்.டி.எல் கொஞ்சம் ஏறலாம், அப்போது பதற வேண்டாம்.

உங்கள் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வையுங்கள். அடுத்த கேள்விக்கு அந்தப் பெயர்தான் தேவை. நீங்கள் கேட்டதிலேயே எனக்குப் பயம் தந்தது அந்தக் கேள்விதான்.

உங்களுக்கு எச்.ஐ.வி இருப்பது தெரியாத டொக்டர் எழுதிய துண்டைக் கொண்டுபோய்ப் பாமசியில் கொடுக்காதீர்கள். கொலஸ்ட்ரோலைக் குறைக்க வழக்கமாகக் கொடுப்பது ஸ்டாட்டின் என்ற வகைக் குளிசை. அதில் சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் இரண்டையும் கல்லீரலில் உடைப்பது ஒரு நொதியம் (என்சைம்). சில எச்.ஐ.வி குளிசைகளில் சேர்ந்திருக்கும் ரிட்டோனாவிரும் கோபிசிஸ்டாட்டும் அந்த நொதியத்தையே கட்டிப்போடும் மருந்துகள். இவற்றோடு அந்த இரண்டு ஸ்டாட்டின்களில் ஒன்றைப் போட்டால் அது உடையாமல் இரத்தத்தில் பல மடங்கு தேங்கி, தசை கரைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் வரைக்கும் போகலாம். சேர்க்கவே கூடாது என்று தடை செய்திருக்கும் சோடி அது. அடோர்வாஸ்டாட்டின் என்றால் இவற்றோடு குறைந்த அளவில் மட்டும். எஃபாவிரென்ஸ் செய்வது எதிர்மாறு: ஸ்டாட்டினின் அளவைக் குறைத்து, போட்டும் போடாதது மாதிரி ஆக்கும். டொலுடெக்ராவிர் குளிசை என்றால் ஸ்டாட்டின்களோடு பெரிய சண்டை இல்லை. ஆனால் நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுப்பவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டொலுடெக்ராவிர் அதன் அளவை ஏற்றும், பொதுவாக நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போக விடமாட்டார்கள்.

அந்த டொக்டர் மீது பிழை இல்லை. தெரியாததை வைத்து அவர் என்ன எழுத முடியும்? சொல்லாததற்கு உங்களைக் கோபிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர் அப்படி. ஆஸ்பத்திரியில் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது, மருந்து இலவசம். இருந்தாலும் வரிசையில் தெரிந்த முகம் வந்துவிடும் என்று இரவு ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போய்வருகிறவர்கள் உண்டு. எனக்கும் வீட்டில் ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால் ஊருக்கே சொல் என்று நான் சொல்லப் போவதில்லை. உங்கள் விஷயம் ஏற்கெனவே தெரிந்த ஒரு டொக்டர் இருக்கிறாரே, கிளினிக்கில்! கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டை அவரிடம் கொண்டுபோங்கள். ஸ்டாட்டின் தேவை என்றால் அவரே எழுதட்டும். புதிதாக யாருக்கும் எதையும் சொல்லத் தேவையில்லை. பல் பிடுங்கியபோது எனக்குக் கொடுத்த மருந்தைக்கூட நான் முதலில் அங்கேதான் காட்டினேன்.

ஸ்டாட்டின் உங்களுக்குத் தேவைப்படுமா? 158ஐ மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வயது, பிரஷர், நீரிழிவு, புகை, குடும்பத்தில் மாரடைப்பு எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. ஆனால் எங்களுக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் மாறிவிட்டது. வைரஸ் அடங்கியிருந்தாலும் மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. 2023இல் வந்த ரிப்ரீவ் ஆய்வு 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 பேரை எடுத்தது. எல்லாரும் எச்.ஐ.வி உள்ளவர்கள், இதய ஆபத்து அதிகம் இல்லை என்று கணிக்கப்பட்டவர்கள். பாதிப் பேருக்குத் தினம் 4 மில்லிகிராம் பிடாவாஸ்டாட்டின். அதை எடுத்தவர்களுக்குப் பெரிய இதய நோய்ச் சம்பவங்கள் 35 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அவர்களின் எல்.டி.எல் நடு அளவு 108தான், உங்களுடையதைவிடக் குறைவு. தசைநோவும் புதிதாக நீரிழிவும் குளிசை எடுத்தவர்களுக்குச் சற்றுக் கூட வந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகு 40 தாண்டிய எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு ஸ்டாட்டின் கொடுக்க டொக்டர்மார் முன்பைவிடச் சீக்கிரம் யோசிக்கிறார்கள். பிடாவாஸ்டாட்டின் இல்லையென்றால் அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், ரொசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் என்று மாற்றும் இருக்கிறது. உங்கள் வயதில் இதை நீங்களே கேட்டுப் பாருங்கள், தப்பில்லை.

ட்ரைகிளிசரைட் 240 பற்றி ஒரு சந்தேகம். வெறும் வயிற்றிலா கொடுத்தீர்கள்? காலையில் சீனி போட்ட பால்தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாலே அது ஏறிக் காட்டும். 12 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அநேகமான ரிப்போர்ட்டுகளில் எல்.டி.எல் நேரடியாக அளந்தது அல்ல, ட்ரைகிளிசரைட்டை வைத்துக் கணக்குப் போட்டது. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. 500ஐத் தாண்டினால் கணைய அழற்சி என்ற வேறு தலையிடி. சாராயம், சீனி, வெள்ளை மா மூன்றையும் குறைத்தால் அது வேகமாக இறங்கும். எல்.டி.எல் அவ்வளவு இலகுவில் அசையாது. சிகரெட் இருந்தால் முதலில் அதை விடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கடைசியாக இறால். அதில் கொலஸ்ட்ரோல் உண்டு, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. எல்.டி.எல்லை அதிகம் ஏற்றுவது அந்த நிறைவுற்ற கொழுப்புத்தான். நாங்கள் இறாலைப் போடும் கட்டித் தேங்காய்ப்பாலிலும், பொரிக்கும் தேங்காய் எண்ணெயிலும் அது நிறைய. எண்ணெயின் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். அதனால் இறாலை விடத் தேவையில்லை, கட்டிப்பாலை விட்டு புளியில் வையுங்கள். சூடை, கும்பளா மீன்களைப் பொரிக்காமல் குழம்பாகத் தாராளமாகச் சாப்பிடலாம். சொதி மட்டும் என்னாலும் விட முடியவில்லை, இரண்டாம் பாலில் வைக்கிறேன்.