உயிர் இரைத் தொட்டி: சின்னப் படகுக்கு எது பொருந்தும்? (கேள்வி பதில்)

விராலுக்கும் வாளைக்கும் உயிர்க் கெண்டையைக் கோர்த்துப் போடுகிறவர்கள் நம் பழனி மலைப் பக்கம் கூடிக்கொண்டே வருகிறார்கள். மஞ்சளாறு, மருதாநதி, வைகை என்று படகோடு இறங்குகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: இரை மீனை எதில் வைப்பது? கேட்டு வந்தவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். எந்த அணையாக இருந்தாலும் மீன்வளத் துறை அனுமதியைக் கேட்டுக்கொண்டுதான் படகை இறக்க வேண்டும். இதை ஒரு தடவை சொல்லிவிட்டேன், இனி ஒவ்வொரு பதிலிலும் சொல்லவில்லை.

அண்ணே, என்னுடையது 12 அடி ஃபைபர் படகு. மூன்று பேர் போவோம். 100 லிட்டர் தொட்டி வைக்கலாமா? (நாயுடுபுரம்)

வேண்டாம் தம்பி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டி என்றால் இரண்டு மூட்டை சிமெண்டைப் படகில் ஏற்றியதற்குச் சமம், தொட்டியின் எடை தனி. அதுவும் சிமெண்ட் மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும், தண்ணீர் கிடக்காது. ஒருவர் எழுந்து மீனை இழுக்கும்போது படகு ஒரு பக்கம் சாய்ந்தால், தொட்டித் தண்ணீரும் அதே பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். பாதி நிரம்பிய தொட்டி முழுத் தொட்டியைவிட ஆபத்தானது என்பதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் படகுக்கு 40 லிட்டர் போதும். விரல் நீளக் கெண்டை என்றால் இரண்டு லிட்டருக்கு ஒன்று என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. 40 லிட்டரில் 20 கெண்டை. ஒரு நாளில் மூன்று பேர் உருப்படியாகப் போடுவது அவ்வளவுதான். தொட்டியைப் பலகை மேல் வைக்காமல் படகின் தரையில், நடுக்கோட்டில், சற்றுப் பின்பக்கமாக வைத்துக் கட்டுங்கள். விளிம்பு வரை நிரப்பி, ரப்பர் வளையம் உள்ள மூடியால் இறுக்கி மூடுங்கள். உயிர்ச்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அணைத் தண்ணீர் பார்க்க அமைதியாகத்தான் இருக்கும்.

சார், வீட்டில் பழைய ஐஸ் பெட்டி இருக்கிறது. அதையே தொட்டியாக்கலாமா? வட்டத் தொட்டிதான் நல்லது என்கிறார்களே? (பண்ணைக்காடு)

வட்டமோ நீள்வட்டமோ நல்லது என்பது உண்மை. மூலை இருந்தால் பயந்த மீன்கள் அங்கே போய்க் குவியும், ஒன்றையொன்று இடிக்கும், செதில் உதிரும். செதில் உதிர்ந்த மீன் மதியம் தாண்டாது. ஆனால் ஐஸ் பெட்டிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, வெயிலை உள்ளே விடாது. கெண்டை, ஜிலேபிக் குஞ்சு போன்ற முரட்டு மீனுக்கு அது தாராளமாகப் போதும். நான்கு மூலையிலும் வளைத்த பிளாஸ்டிக் தகட்டை ஒட்டிவிடுங்கள். தண்ணீர் நுழையும் குழாயைச் சுவரோரமாகச் சாய்த்து வையுங்கள், உள்ளே மெதுவாகச் சுழற்சி உண்டாகும், மீன்கள் அதை எதிர்த்து ஒரே திசையில் நீந்தும். சுழற்சி மெதுவாகத்தான் இருக்க வேண்டும். வேகமாக ஓடவிட்டால் நீந்தி நீந்தியே களைத்துச் செத்துவிடும். வெளியேறும் குழாய் உள்வரும் குழாயைவிடப் பெரிதாக இருக்கட்டும், வாயில் வலை கட்டுங்கள்.

மலையில் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் ஆக்ஸிஜன் அதிகம்தானே, அப்புறம் காற்று பம்ப் எதற்கு? (கொடைக்கானல்)

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இது. பாதி சரி. மீதிப் பாதியை அறியாமல் நானே நிறைய மீனைக் கொன்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடல்மட்டத்தில் 15 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும். 28 டிகிரி என்றால் 8-க்குச் சற்றுக் குறைவு. இதை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கொடைக்கானல் இருப்பது 2,133 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதல்தான். அழுத்தம் குறைந்தால் தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் அதே அளவில் குறையும். ஆக, நம் ஊர் 15 டிகிரித் தண்ணீரில் கரைவதும் 8-க்குச் சற்றுக் குறைவுதான். கடலோரத்தில் 28 டிகிரியில் கிடக்கும் குளத்தில் எவ்வளவு கரையுமோ, குளிரக் குளிர இருக்கும் நம் தண்ணீரிலும் அவ்வளவே.

அப்படியானால் குளிரால் பயனே இல்லையா? உண்டு. குளிரில் மீனின் உடம்பு மெதுவாக இயங்கும், மூச்சுத் தேவை குறையும். நம்மைக் காப்பாற்றுவது அதுதான், தண்ணீரில் இருக்கும் கூடுதல் ஆக்ஸிஜன் அல்ல. காலையில் 15 டிகிரியாக இருந்த தொட்டி மதிய வெயிலில் 22-க்கு ஏறினால் மீன் கூடுதலாக மூச்சு வாங்கும், தண்ணீரோ இருந்ததையும் இழக்கும். மலை வெயில் உறைக்காது, ஆனால் கறுப்புத் தொட்டியைச் சீக்கிரம் சுடவைக்கும். ஆகவே வெளிர் நிறத் தொட்டி, மேலே ஈரச்சாக்கு, காற்று பம்ப். மூன்றும் வேண்டும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அப்போதே பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

வத்தலக்குண்டில் ஆக்ஸிஜன் அடைத்த பையில் கெண்டை வாங்கி வந்தேன். பெருமாள்மலை வருவதற்குள் பை பலூன் மாதிரி உப்பி, கட்டு அவிழ்ந்து, பாதி செத்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா அண்ணே? (பெருமாள்மலை)

ஏமாற்றவில்லை. மேலே ஏற ஏற வெளிக் காற்றின் அழுத்தம் குறைகிறது, பைக்குள் இருக்கும் வாயு விரிகிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை போனால் ஏறக்குறைய கால் பங்கு பெருகும். மலைக்குப் போகிறது என்று சொல்லித் தளர்வாகக் கட்டித் தரச் சொல்லியிருந்தால் போதும்.

ஆனால் என் யோசனை வேறு. ஞாயிற்றுக்கிழமை கீழே அணைக்குப் போகத்தானே வாங்குகிறீர்கள்? எதற்கு மேலே கொண்டுவந்து மறுபடி கீழே இறக்குகிறீர்கள்? 28 டிகிரியில் வளர்ந்த மீனை 15 டிகிரித் தண்ணீரில் விட்டால் அந்த அதிர்ச்சியே போதும். முன்பு ஒரு முறை 60 கெண்டையை வாங்கிவந்து நேராக வீட்டுத் தொட்டியில் கொட்டினேன். விடிந்து பார்த்தால் பிழைத்தது 10 கூட இல்லை. அன்று மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு போகும் வழியில் காலையில்தான் வாங்குகிறேன். முதல் நாளே தீனி போடுவதை நிறுத்திய மீனாகக் கேளுங்கள், தொட்டித் தண்ணீர் கெடாது.

பம்பும் பேட்டரியும் எந்த அளவு? யுபிஎஸ் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது. (பழனி, பாலாறு பொருந்தலாறு அணைக்குப் போகிறவர்)

காற்று பம்ப் வேறு, இது அணைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஏற்றும் பம்ப். ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் ஆறு முறையாவது மாற வேண்டும். 40 லிட்டருக்கு அது 240 லிட்டர். கடையில் கிடைக்கும் சிறிய 12 வோல்ட் பம்பிலேயே மணிக்கு 500 கேலன், அதாவது 1,900 லிட்டர் என்று எழுதியிருக்கும். தண்ணீரை மேலே தூக்கும்போது அந்த அளவு குறையும் என்றாலும் உங்களுக்கு மிஞ்சும். பெரிய பம்ப் வாங்கிப் பணத்தையும் பேட்டரியையும் வீணாக்காதீர்கள்.

அந்தப் பம்ப் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். யுபிஎஸ் பேட்டரி 7 ஆம்பியர் மணி. அதைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆகவே இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஐந்து நிமிடம் ஓடி ஐந்து நிமிடம் நிற்கும் டைமர் போட்டால் அதை இரட்டிப்பாக்கலாம். நாள் முழுக்க இருப்பவர் என்றால் 20 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி வாங்குங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள். உச்சி வெயிலில் அணையின் மேல்தண்ணீர் சூடாகிவிடும், அப்போது வெளித் தண்ணீரை நிறுத்திவிட்டு, உறையவைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு உள்ளே மிதக்கவிட்டு, காற்று பம்பை மட்டும் ஓட்டுங்கள்.

தோட்டத்தில் நீல டிரம் காலியாக இருக்கிறது. கழுவிப் பயன்படுத்தலாமா? (பூம்பாறை)

பூச்சிமருந்து இருந்த டிரம் என்றால் எத்தனை முறை கழுவினாலும் கூடாது.

பித்தளைக் குழாயும் ஜிஐ குழாயும் போட்டிருக்கிறேன். தண்ணீர் தெளிவாக இருந்தும் மீன் சாகிறது. (தாண்டிக்குடி)

அந்தக் குழாய்கள்தான் காரணமாக இருக்கும். நம் மலைப் பாறையில் சுண்ணாம்பு குறைவு, தண்ணீர் மிகவும் மென்மை. பித்தளையிலிருந்து வரும் செம்பும், ஜிஐ பூச்சிலிருந்து வரும் துத்தநாகமும் மென்மையான தண்ணீரில் மீனுக்கு இன்னும் கடுமையான விஷம். எல்லாவற்றையும் பிளாஸ்டிக்காக மாற்றுங்கள். நிரப்புவது குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் ஓர் இரவு காற்று ஓடவிட்டுப் பிறகு மீனை விடுங்கள்.

மச்சானுக்கு ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் வள்ளம் இருக்கிறது. இதே தொட்டியை அங்கே கொண்டுபோனால் சாளை நிற்குமா? (கொடைக்கானல்)

நிற்காது. சாளை கெண்டை மாதிரி இல்லை, ஓயாமல் நீந்தினால்தான் அதற்கு மூச்சு. கண்டிப்பாக வட்டத் தொட்டி வேண்டும், கடல்நீர் நிற்காமல் வந்துகொண்டே இருக்க வேண்டும், எண்ணிக்கையும் குறைய வேண்டும். கையால் பிடிக்காமல் முடிச்சில்லாத வலைக்கரண்டியால் எடுங்கள்.

பரிசலில் போகிறேன். எனக்கு எந்தத் தொட்டி? (பட்டிவீரன்பட்டி)

தொட்டியே வேண்டாம் ஐயா. ஒரே இடத்தில் நின்று தூண்டில் போடுகிறவருக்குத் தண்ணீரில் தொங்கும் வலைக்கூடையைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. இடம் மாறும்போது மட்டும் ஒரு மூடி போட்ட வாளி.

நீலகிரியில் டிரவுட் இருக்கும் தண்ணீருக்கு உயிர் இரை கொண்டுபோகலாமா? மீதியாகும் இரையை என்ன செய்வது? (கோத்தகிரி)

தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். டிரவுட்டே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்தான், அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. ஆனால் நம் இரு மலைகளின் ஓடைகளிலும் இங்கேயே பிறந்து வளர்ந்த சின்னச் சின்ன மீன்கள் இருக்கின்றன. சமவெளியிலிருந்து வரும் ஒரு ஜிலேபிக் குஞ்சு, ஒரு ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு, தொட்டித் தண்ணீரோடு வரும் நோய், இதில் ஏதாவது ஒன்று போதும், அந்தச் சின்ன மீன்கள் அழிந்துபோகும், திரும்பி வராது. இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். தவளையைக் கோர்ப்பதும் வேண்டாம்.

இரை மீனை அதே அணையில் பிடித்திருந்தால் அங்கேயே விடலாம். வாங்கியது என்றால் பொரித்துச் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் பேரி மரத்தடியில் புதைத்துவிடுங்கள். தொட்டித் தண்ணீரை ஓடைப் பக்கம் கொண்டுபோகாமல் காய்ந்த தரையில் ஊற்றுங்கள். தொட்டியையும் வலையையும் குழாயையும் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த அணைக்கு எடுத்துப் போங்கள்.