கோழி கழுத்தைத் திருகுகிறது, கப்சூல் கொடுக்கலாமா?

கேள்வி: கொழும்பு, கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குப் பின்னால் ஊர்க்கோழி வளர்க்கிறோம். போன வாரம் சந்தையில் ஒரு சேவல் வாங்கிச் சேர்த்துவிட்டோம். இப்போது மூன்று கோழி செத்துவிட்டன. ஒன்று பச்சையாகக் கழிகிறது, இன்னொன்று கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றுகிறது. பாமசியில் கப்சூல் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். மிச்சத்தை அறுத்துச் சமைத்துவிடலாமா?

பதில்: கப்சூலை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ராணிக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும். நியூகாசில் என்பதும் இதே நோய்தான். வைரஸால் வருவது, அன்டிபயோட்டிக் அதை ஒன்றும் செய்யாது.

கோழி முதலில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் தூங்கி வழியும். தீனி எடுக்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். எச்சம் பச்சைத் தண்ணீராகப் போகும். முட்டை குறையும், ஓடு மெலியும். இதையெல்லாம் தாண்டியும் உயிரோடு நிற்பவற்றுக்குத்தான் பெரும்பாலும் கழுத்துத் திருகலும் சிறகுத் தொங்கலும். தொற்றி 2 முதல் 15 நாளுக்குள், அநேகமாக 5, 6 நாளில் வெளிப்படும். சேவல் வந்த நாளும் அதற்குப் பொருந்துகிறது. சேவல் நன்றாகத்தானே நிற்கிறது என்பீர்கள். தடுப்பூசி போட்ட கோழி நோய் காட்டாமலே கிருமியை எச்சத்தில் விடக்கூடும்.

ஆனால் பறவைக் காய்ச்சலும் இப்படித்தான் தோன்றும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். அதனால் இன்றே அரச மிருக வைத்தியர் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். கடைசியாகச் செத்ததை ஆய்வுக்காக இரண்டு பைக்குள் கட்டி ஐஸில் வையுங்கள், உறையவிட வேண்டாம். செத்த மற்றவற்றை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். இடமில்லாவிட்டால் வைத்தியரிடமே வழி கேளுங்கள். கால்வாயில் எறிந்தால் கொழும்புக் காகங்கள் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்விடும்.

அறுக்க வேண்டாம். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும் என்பது உண்மை. ஆபத்து அறுக்கும்போதுதான்: இரத்தம், இறகு, குடல் எல்லாம் கையிலும் முற்றத்திலும். ராணிக்கெட் மனிதருக்கு வந்தால் பொதுவாகக் கண் சிவப்போடு போய்விடும், பறவைக் காய்ச்சல் அப்படியல்ல. விற்கவும் வேண்டாம், அது நோயை விற்பது.

சுகமாகத் தெரிவதை வேறாக அடைத்து, அவற்றுக்கு முதலில் தீனி வையுங்கள். நோயுற்றதைக் கடைசியாகப் பாருங்கள், செருப்பையும் மாற்றுங்கள். இந்த நோய் பெரும்பாலும் ஆளின் காலோடுதான் நடக்கிறது. கூட்டில் எச்சத்தைச் சுரண்டி எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே புளீச் ஊற்றுங்கள். எச்சத்தின் மேலேயே ஊற்றினால் புளீச் வீண்.

புதுக் குஞ்சுக்கு இப்போது அவசரப்படாதீர்கள். கூட்டைத் திரும்ப நிரப்பலாமா என்று வைத்தியரிடம் கேட்டுவிட்டு, முதல் வாரத்திலேயே கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விடுங்கள். கண்ணை மூடித் திறக்கும்வரை குஞ்சைக் கையிலேயே பிடித்திருங்கள். அடுத்த தவணைகளை வைத்தியர் சொல்வார். குடிநீரில் கலப்பதென்றால் கொழும்பில் ஒரு சிக்கல்: குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மருந்தையே கொன்றுவிடும். முதலில் லீற்றருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மா கலந்து, சற்று நேரம் விட்டு மருந்தைச் சேருங்கள். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்க்கில்தான் எடுத்துவர வேண்டும். கலக்கியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள், மறுநாளுக்கு வைக்க முடியாது. ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்குப் போதும் என்பதால், பக்கத்து வீட்டாரின் கோழிகளுக்கும் அன்றைக்கே போட்டுவிட்டால் செலவும் பங்காகும்.