நிழலில் நிற்கும் கிறிஸ்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் 'புனித மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருட்டு. ஒளி கடவுளையும் இருள் பாவத்தையும் குறிப்பதாகப் புரிந்துகொண்டேன், சரிதானா? கொலை செய்த ஒருவர் வரைந்ததைப் பக்தி ஓவியமாக எப்படி ஏற்பது? இத்தாலிய ஓவியங்களைப் பயில எங்கே தொடங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சில நாட்களாக இதே ஓவியம்தான் என் நினைவில் சுழன்றுகொண்டிருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். 1606இல் ரோமில் கரவாஜியோ ஒருவரைக் கொன்றது உண்மை. இந்த ஓவியம் 1600இலேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் ஒளி கடவுள், இருள் பாவம் என்ற சூத்திரத்தை நான் சும்மா விடப்போவதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்ததால் நீங்கள் படத்தைப் பார்க்கவே இல்லை. சுங்கச் சாவடியில் வரி தண்டும் மத்தேயுவைத் தம் சீடராக அழைக்க வந்த கிறிஸ்து எங்கே நிற்கிறார்? வலது ஓரத்தில், முன்னால் நிற்கும் சீடர் பேதுருவின் முதுகு உடலை மறைக்க, பாதி முகமும் நீட்டிய கையும் மட்டும் தெரிய, நிழலில் நிற்கிறார். ஒளி அவர் தலைக்கு மேலாகச் சுவரில் சரிந்து சென்று, சுங்கச் சாவடி மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் மீது விழுகிறது. இறகுத் தொப்பி அணிந்த சிறுவனின் கன்னம்தான் படத்தில் மிகவும் வெளிச்சமான இடங்களில் ஒன்று. உங்கள் கணக்குப்படி இதில் பாவி யார்? ஊரே வெறுத்த வரி தண்டுவோருக்கு வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு, அழைக்க வந்தவரை இருளில் நிறுத்தியதில்தான் இந்த ஓவியத்தின் பக்தி இருக்கிறது.

படத்தில் ஒரு சன்னலும் இருக்கிறது. அதன் வழியே துளி வெளிச்சமும் வரவில்லை. ரோமில் சான் லூயிஜி தேய் ஃபிரான்செஸி தேவாலயத்தின் கொந்தரெல்லி சிற்றாலயத்தில், இடப்பக்கச் சுவரில், மூன்று மீட்டருக்கும் அதிகமான அகல உயரத்தில் இது இருக்கிறது. பீடத்துக்கு மேலே உள்ள உண்மையான சன்னல் ஓவியத்துக்கு வலப்பக்கம். வரைந்த ஒளியும் வலப்பக்கமிருந்தே வருகிறது. எதிர்ச்சுவரில் உள்ள, மத்தேயு தம் விசுவாசத்துக்காகக் கொல்லப்படும் ஓவியத்தில் அது இடப்பக்கமிருந்து, அதாவது அதே சன்னலின் திசையிலிருந்து வருகிறது. அந்தச் சுவருக்கென்றே வரைந்த ஒளியைத் திரையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அங்கே காசு போட்டால் சிறிது நேரம் விளக்கெரியும் பெட்டி ஒன்று உண்டு. நான் போயிருந்தபோது விளக்கு அணைந்ததும் எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். நான் அங்கேயே நின்றேன். கண் பழகப் பழக, முதலில் அந்தக் கை மேலே வந்தது, பிறகு முகங்கள். பல ஆண்டுகளாக அச்சில் வெறும் கறுப்பாகப் பார்த்திருந்த நிழல் அங்கே பழுப்பாக, ஆழமாக இருந்தது. கரவாஜியோ துணியில் முதலில் அடர்ந்த பழுப்புப் பூச்சு இட்டு, நிழல் வேண்டிய இடங்களில் அதன்மேல் மிக மெல்லியதாகவே எண்ணெய் வண்ணம் பூசுவார் என்று படித்திருந்தேன். அதைக் கண்ணால் கண்டது அப்போதுதான். ஒளியை மேலே மேலே சேர்த்தார். இருளை இருந்தபடியே விட்டார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள் அல்லவா? மேசையின் இடது கோடியில் தலை கவிழ்ந்து காசு எண்ணும் இளைஞனிடம் தொடங்குங்கள். அவன்தான் மத்தேயு என்பாரும் உண்டு. அவன் இன்னும் நிமிரவில்லை. அன்று அந்த மங்கலில் அவன் விரல்கள் தெளிந்துகொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் யாரோ பெட்டிக்குள் காசு போடும் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சத் தோன்றியது. திரும்புவதற்குள் விளக்கு எரிந்துவிட்டது.