நேரத்தைக் குறிப்பது பசுதான்

மதிப்பிற்குரிய ஐயா,

கால்நடை வளர்ப்பைப் பற்றிய தங்கள் கட்டுரைகளை நானும் என் கணவரும் சேர்ந்தே வாசித்து வருகிறோம். இருவரும் மாதச் சம்பள வேலையில் இருக்கிறோம். அதை விட்டுவிட்டு, எங்களிடம் இருக்கும் சிறு நிலத்தில் ஒரு பசு, ஐந்தாறு ஆடுகள், கொஞ்சம் கோழிகளோடு வாழலாம் என்று எண்ணுகிறோம். உழைப்புக்கு அஞ்சவில்லை. ஆனால் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இதற்குத் தேவைப்படும்? அவ்வப்போது வெளியூர் போய்வர முடியுமா? வளர்த்த குட்டிகளை விற்கும்போது ஒன்பது வயது மகள் எப்படித் தாங்குவாள் என்பதும் எங்களுக்குக் கவலையாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மணிக்கணக்கைச் சொல்வது எளிது. நீங்கள் எண்ணியிருக்கும் அளவுக்குக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் போதும். புல் அறுப்பதும் வேலியைச் சரிசெய்வதும் தனி. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தை உங்கள் வசதிக்கேற்ப நகர்த்திக்கொள்ள முடியாது. நேரத்தைக் குறிப்பது பசுதான்.

மடியைக் கழுவித் துடைக்கும்போதோ கன்று முட்டும்போதோ பசுவின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் சுரந்து, ரத்தத்தின் வழியே மடியை எட்டி, பாலை இறக்குகிறது. அதன் வேகம் சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். புதிய ஆள் அருகில் நின்றாலோ நாய் குரைத்தாலோ பசு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். கறக்காமல் தேங்கும் பால், மடிநோய்க்கு வழி செய்யும். முதல் இரண்டு மூன்று பீற்றல்களை ஒரு கறுப்புக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். மடியில் வீக்கம் தெரிவதற்கு முன்பே, பாலில் தயிர்த்துணுக்குகள் போலத் திரிதிரியாக ஏதோ மிதப்பது கறுப்பின்மேல் பளிச்சென்று தெரியும்.

உழைப்புக்கு அஞ்சவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சாணம் அள்ளுவதையும் தீவனம் சுமப்பதையும் உடல் ஒரு மாதத்தில் பழகிக்கொள்ளும். இந்த வாழ்க்கையின் பெரிய வேலை பார்ப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே கண்கள் ஒரே விலங்கை நாள்தோறும் ஒரே வேளையில் பார்க்க வேண்டும். நலமாக இருக்கும் பசு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை அசைபோடும்; ஆடும் ஏறக்குறைய அப்படித்தான். படுத்து, கண்களைப் பாதி மூடி, தாடையை ஒரு பக்கமாக அரைத்துக்கொண்டிருக்கும் விலங்கைப் பற்றிப் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தத் தாடை நின்றுவிட்டால் மற்ற வேலைகள் எல்லாம் காத்திருக்கட்டும்.

இதை நான் கற்றது என் தவறால். இரண்டாம் ஆண்டில் ஒரு மாலை, தானியப் பெட்டியின் தாழ்ப்பாளைப் போடாமல் வந்துவிட்டேன். விடிந்ததும் மற்ற ஆடுகள் வழக்கம்போல வாசலுக்கு ஓடிவந்தன. ஒன்று மட்டும் சுவரைப் பார்த்தபடி, பற்களை நெரித்துக்கொண்டு நின்றது. அதன் இடது வயிறு புடைத்திருந்தது. தானியம் அளவுக்கு மீறி உள்ளே போனால் முதல் இரைப்பையில் அமிலம் பெருகும்; உடம்பின் நீர் வயிற்றை நோக்கி இழுக்கப்பட்டு, விலங்கு உள்ளுக்குள்ளேயே வறண்டுவிடும். மருத்துவர் வந்து செய்யக்கூடியதைச் செய்தார். மறுநாள் நண்பகலில் அது இறந்தது. இன்றும் படுக்கப் போகும்முன் அந்தத் தாழ்ப்பாளைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

கோழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருட்டும் வேளையில் தாமாகவே கூடடைந்துவிடும். கதவை அடைக்கும் பொறுப்பு மட்டும் நம்முடையது, அதை ஒருநாள்கூடத் தவறவிடக் கூடாது.

உங்கள் மகளைப் பற்றி எழுதியதை நான் பலமுறை வாசித்தேன். பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறையப் பாதி கிடாவாகவே இருக்கும். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் இடமும் போதாது, தீவனமும் போதாது. என் மகன் சிறுவனாக இருந்தபோது, அழுவானே என்று அஞ்சி, அவன் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு கிடாக்குட்டியை விற்றுவிட்டேன். ஒரு வாரம் வரை, பள்ளி விட்டு வந்ததும் நேராகப் பட்டிக்குப் போய், குட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல் உள்ளே போய்விடுவான். பிரிவைவிட, நான் மறைத்ததுதான் அவனை அதிகம் வருத்தியது. உங்கள் மகளிடம் குட்டி பிறந்த அன்றே சொல்லிவிடுங்கள். பிறக்கும்போது அவளும் அருகில் இருக்கட்டும். முன்னங்கால் குளம்புகள் இரண்டும், அவற்றின்மேல் சாய்ந்த மூக்கும் முதலில் தெரிவதை அவள் பார்க்கட்டும். நனைந்த குட்டியைத் துடைத்துத் தாயின் காம்பில் வாய்வைக்கச் செய்யும் வேலையை அவளிடமே கொடுங்கள். கருவில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்பாற்றல் குட்டிக்குப் போய்ச்சேர்வதில்லை; அது சீம்பாலின் வழியேதான் வர வேண்டும், அதையும் குடல் முதல் ஒரு நாளுக்குள்தான் ஏற்றுக்கொள்ளும், முதல் சில மணி நேரத்தில் நன்றாக ஏற்கும். அந்தக் குட்டி எழுந்து நின்றதில் தன் கையும் இருந்தது என்று அறிந்த குழந்தைக்கு, அது போகும் நாளில் அழவும் உரிமை உண்டு. அழட்டும், தடுக்காதீர்கள்.

வெளியூர் போக முடியும், கணக்குப் பார்த்துப் போனால். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். ஈனுவதற்கு முந்தைய 60 நாள் பாலை வற்றவிடுவீர்கள். அந்த இரண்டு மாதமும் கறவை வேலை இருக்காது; அவற்றின் தொடக்கத்தில் போய்வரலாம். அப்போதும் வீட்டை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர் பத்து நாளாவது முன்னதாகவே உங்களோடு கொட்டிலுக்கு வந்து பழகியிருக்க வேண்டும்.

முதலில் வேலியையும் தண்ணீரையும் முடித்துவிடுங்கள். பிறகு ஆடுகளை வாங்குங்கள், ஒற்றை ஆடாக ஒருபோதும் வேண்டாம். துணையில்லாத ஆடு ஓயாமல் கத்தித் தன்னை வருத்திக்கொள்ளும். ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். வந்த பின் சினைப்பட்டு முதல் குட்டி உங்கள் கொட்டிலிலேயே பிறக்கட்டும். அந்த இரவைக் கடந்த பிறகு பசுவைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.