நறுக்க வேண்டியவர் நீங்கள் இல்லை

கேள்வி: எனக்கு வயது 56. திருநெல்வேலி பக்கம். இரண்டு வருடமாக இரண்டு கையிலும் விரல் மூட்டுகளில் வலி, வீக்கம். ஐந்து மணிக்கு எழுந்தால் எட்டு மணி வரை விரலை மடக்க முடியவில்லை. சேனை, சிறுகிழங்கு எல்லாம் நறுக்குவதற்குள் உயிர் போகிறது. மகன் ஜிம்முக்குப் போய்விட்டு ஏழரைக்குப் பசியோடு வருவான். அதற்குள் மதியத்துக்கும் சேர்த்து டப்பா கட்டியாக வேண்டும். சேனை வறுவல் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. கையை வருத்தாமல் கிழங்கு நறுக்க வழி சொல்லுங்கள்.

பதில்: வழி இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் போகிற போக்கில் ஜிம் என்று எழுதினீர்கள் பாருங்கள், அதைக் கேட்காமல் விட எனக்கு மனசில்லை.

காசு கட்டி இரும்பு தூக்கிவிட்டு வருகிறான் மகன். அதே நேரத்தில் மடங்காத விரலை வைத்துக்கொண்டு அடுப்படியில் சேனையோடு மல்லுக்கட்டுகிறீர்கள் நீங்கள். இது உங்களுக்கு உறுத்தவே இல்லை. அவன் பசிக்குத்தான் வருத்தப்படுகிறீர்கள். உங்கள் கைவலி அவனுக்குத் தெரியுமா? கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. தெரியாதென்றால், மறைத்தது உங்கள் தப்பு. தெரிந்தும் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான் என்றால், அப்படி வளர்த்ததும் நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள் சகோதரி. இதே கடிதம் எனக்கு எத்தனையோ முறை வந்துவிட்டது, ஊரும் காயும்தான் மாறுகின்றன. பெற்றவள் கை வீங்கிக் கிடக்கும்போது அந்தக் கையாலேயே நறுக்கி வாங்கிச் சாப்பிடுவது எந்தப் பிள்ளைக்கும் அழகில்லை. தாய்க்குச் செய்வது என்றால் பின்னாளில் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுவது மட்டும்தானா?

இன்று ராத்திரியே அவனைக் கூப்பிட்டு உங்கள் விரல்களைக் காட்டுங்கள். அரிவாள்மனையை அவன் முன்னால் போடுங்கள். சேனையும் கையும் ஈரமில்லாமல் இருக்கட்டும், கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் அரிக்காது. தோலைச் சீவி, நறுக்கி, கழுவித் தருவது அவன் வேலை. மஞ்சள், உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டு அரைவேக்காடாக வேகவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் தாளித்து வறுப்பதோடு சரி. சிறுகிழங்கும் அவனுக்குத்தான். ஊறவைத்து, சாக்கில் போட்டுத் தரையில் அழுத்தித் தேய்க்க அவன் தோளில் பலம் இருக்கிறது.

அவன் ஊரில் இல்லாத நாட்களுக்கு: சேனையைக் கடையிலேயே சின்னத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். மண் போகக் கழுவி, தோலோடு இட்லிப் பானையில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் கத்தி சுலபமாக இறங்கும், தோலும் வந்துவிடும். பீட்ரூட்டை முழுசாகக் குக்கரில் வேகவைத்தால் தோல் கையோடு உரிந்துவரும். மரவள்ளியில் மட்டும் இந்த வேலை வேண்டாம். அதன் தோலில் நச்சு அதிகம். தோலை எடுத்துவிட்டுத்தான் வேகவைக்க வேண்டும், வெந்த தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் சாணை பிடியுங்கள், மழுங்கிய கத்திதான் விரலின் பலத்தையெல்லாம் கேட்கும். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நழுவாது.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. இரண்டு வருடமாக வீக்கம், விடிந்து மூன்று மணி நேரம் விரல் மடங்கவில்லை. இதை வயசுக் கோளாறு என்று தைலம் தேய்த்துக் கொண்டிருக்காதீர்கள். முடக்குவாதமாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் மூட்டு அரித்து, விரல் கோணிப்போகும். அப்புறம் நிமிர்த்த முடியாது. நல்ல மருந்துகள் இருக்கின்றன, சீக்கிரம் தொடங்கினால்தான் அவற்றால் முழுப் பலன். எலும்பு டாக்டரோடு நிற்காமல் மூட்டுவாத சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். காலையில் எத்தனை மணிக்கு விரல் மடங்குகிறது என்று எனக்கு எழுதியதை அவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.