மரத்தடிக்குக் கொண்டுபோன புத்தகம் திரும்பி வராவிட்டால்?

கேள்வி:

அக்காவுக்கு, எனக்கு 24 வயது. நானும் சிநேகிதிகளும் எழுதி, படம் கீறி, மடித்துக் கம்பி அடித்த ஸீன்கள் (zine, நாங்களே செய்யும் சின்னப் புத்தகங்கள்) அறுபதுக்கு மேல் இருக்கின்றன. சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி, ஞாயிறு பின்னேரங்களில் மணற்காட்டுச் சவுக்கங்காட்டுக்கும் கடற்கரைக்கும் கொண்டுபோய் விரிக்கிறோம். யாரும் எடுத்து வாசிக்கலாம், வீட்டுக்கும் கொண்டு போகலாம். கொண்டு போனவர்களில் பாதிப் பேர் திருப்பித் தருவதில்லை. சில காற்றோடு போய்விட்டன. கம்பி கறள் பிடித்துத் தாள் கிழிகிறது. பலவற்றுக்கு வேறு பிரதியும் இல்லை. அப்பா, "நூலகம் எரிந்த ஊரில் இருந்துகொண்டு புத்தகத்தைக் கொண்டுபோய் மண்ணுக்குள் போடுகிறாய், அலுமாரியில் வைத்துப் பூட்டு" என்கிறார். சுண்டிக்குளம் பக்கமும் போக ஆசையாக இருக்கிறது. தொடரட்டுமா, விடட்டுமா?

பெயர் வேண்டாம், வடமராட்சி

பதில்:

அன்புத் தங்கச்சி,

தொடருங்கள். ஆனால் அடுத்த ஞாயிறு வெளிக்கிட முதல் ஒரு வேலை இருக்கிறது. இருக்கிற ஒவ்வொரு ஸீனையும் போட்டோக்கொப்பி அடியுங்கள். மூலம் வீட்டில் நிற்கட்டும், கொப்பி மட்டும் பெட்டியில் ஏறட்டும். ஒரே ஒரு பிரதியைக் காட்டுக்குள் கொண்டுபோய் முகம் தெரியாத ஆளின் கையில் கொடுத்தால், அவர் திரும்பி வரும்வரை உங்களுக்கு நித்திரை வராது. கொப்பி என்றால் அது தொலைந்தாலும் இன்னொன்று அடிக்கலாம்.

அப்பாவின் பயத்தைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். 1981 மே 31ஆம் திகதி இரவு வைத்த நெருப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. கட்டடம் பிறகு எழும்பியது. கடையில் கிடைக்கும் நூல்களைத் திரும்ப வாங்கி அடுக்க முடிந்தது. ஓலைச்சுவடிகளும், வேறெங்கும் பிரதி இல்லாத சிறு வெளியீடுகளும் போனது போனதுதான். அவையும் நல்ல கட்டடத்துக்குள் ஒழுங்காக அடுக்கி, கவனமாகப் பார்த்த நூல்கள்தான். பூட்டும் சுவரும் அவற்றைக் காப்பாற்றவில்லை. இன்னொரு பிரதி இன்னொரு வீட்டு லாச்சிக்குள் கிடந்திருந்தால் காப்பாற்றியிருக்கும். அப்பாவோடு இருந்து இதை ஆறுதலாகக் கதையுங்கள். அவர் எதற்குப் பயப்படுகிறாரோ, அதற்காகத்தான் உங்கள் ஸீன்கள் பல கைகளுக்குப் போகவேண்டும்.

நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் துண்டுப் பிரசுரங்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. அவர்களோடும் கதைத்துப் பாருங்கள். "இதெல்லாம் ஒரு புத்தகமா" என்று வீட்டில் யாராவது கேட்டால், அலுமாரியைத் திறந்து, செத்தவீட்டு 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கொடுத்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகங்களை எடுத்துக் காட்டுங்கள். வீட்டுக்காரரே எழுதி, சொந்தக் காசில் அச்சடித்து, விலை போடாமல் கொடுத்தவை அவை. ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைப் பெயர்கள் பல வீடுகளில் அந்த மெல்லிய புத்தகத்தில் மட்டும்தான் இருக்கின்றன. தாள் மட்டமாக இருக்கிறதே என்ற வெட்கமும் வேண்டாம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் தாள் வராதபோது இங்கே பத்திரிகையையே கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்தார்கள். சனம் அதை வரிசையில் நின்று வாங்கி வாசித்தது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குக் கூடக் கவலை. இந்த அறுபதையும் எழுதியவர்கள், இவை கடற்கரையில் விரிக்கப்படும் என்று தெரிந்தா எழுதினார்கள்? சிநேகிதிகள் நான்கு பேர் வாசிக்க என்று எழுதியதைப் பக்கத்து வீட்டு மாமா வாசிக்கும்போது அதன் பாரம் வேறு. காணாமல் போன அண்ணனைப் பற்றி ஒருத்தி எழுதியிருப்பாள். வீட்டுக்குத் தெரியாத காதலைப் பற்றி, சீதனப் பேச்சைப் பற்றி, தகப்பனின் குடியைப் பற்றி இன்னொருத்தி எழுதியிருப்பாள். எங்கள் ஊர்களில் பெயர் போடாமல் எழுதினாலும், கையெழுத்தையும் கீறிய கிணற்றடியையும் வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகப் போய்க் கேளுங்கள்: மரத்தடியில் வைத்து வாசிக்கக் கொடுக்கலாமா, வீட்டுக்குக் கொடுத்துவிடலாமா, இணையத்தில் ஏற்றலாமா. மூன்றுக்கும் மூன்று விதமாகப் பதில் வரலாம். அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வேண்டாம் என்றவளிடம் காரணம் கேட்காதீர்கள். அவளுடையதை அன்றைக்கே பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு மனம் மாறி வேண்டாம் என்றாலும் அப்படியே. போன வருடம் சம்மதித்தவளுக்கு இந்த வருடம் கலியாணம் பேசிக்கொண்டிருக்கலாம்.

இனிக் கறளும் காற்றும். உப்புக் காற்றில் ஸ்ரேப்ளர் கம்பி கெதியாகக் கறள் பிடித்து, தாளையும் அரித்துவிடும். பருத்தி நூலால் தையுங்கள். மடிப்பில் மூன்று ஓட்டை போட்டு, நடு ஓட்டையில் தொடங்கி நடுவிலேயே முடிச்சுப் போட்டால் போதும். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் அடித்தது ஈரம் பட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். போட்டோக்கொப்பியில் கரித்தூள் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டுவதால் தண்ணீர் பட்டாலும் எழுத்து நிற்கும். நனைந்ததை வெயிலில் போடாதீர்கள், சுருண்டு போகும். பக்கங்களுக்கிடையில் பழைய பத்திரிகைத் தாள் வைத்து நிழலில் காயவிடுங்கள்.

சோளகக் காற்றுக் காலத்தில் கொடி கட்டி கிளிப்பில் தொங்கவிடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். படம் எடுக்க வடிவாக இருக்கும், ஆனால் ஒரு மணித்தியாலத்தில் கிழிந்துவிடும். மீன் வியாபாரிகள் கரியரில் கட்டும் பெட்டியைப்போல மூடியுள்ள மரப்பெட்டி ஒன்று செய்வித்து, பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்குங்கள். பாயில் பரப்புவதைப் பனை ஓலைக் கடகத்துக்குள் நிமிர்த்தி அடுக்குங்கள். முகப்பு தெரியும், காற்றும் தூக்காது.

இடத்தைப் பற்றி உங்களோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. ஆளில்லாத மணல்மேட்டில் விரித்துவிட்டு யாரும் வரவில்லை என்று கவலைப்படுவதில் பிரயோசனம் இல்லை. சனம் ஏற்கெனவே நிழல் தேடி வந்து இருக்கிற இடத்துக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கு வருகிறவர்கள் கும்பிட்டு முடித்து மரத்தடியில் இருப்பார்கள். பிள்ளைகள் மணலில் விளையாடிக் களைத்துப்போய் வருவார்கள். வாசிக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. கோயில்காரரிடமும், கடற்கரை என்றால் பிரதேச சபையிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஒரே மரம், ஒரே நேரம் என்று வைத்தால் கொண்டு போனவர்களுக்கும் எங்கே திருப்பிக் கொடுப்பது என்று தெரியும். பாதி திரும்பாததற்குக் காரணம், அடுத்த கிழமை நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாததாகவும் இருக்கலாம்.

சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவான இடம், வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே கடை விரிக்க வேண்டாம். ஐப்பசிக்குப் பிறகு வலசை வரும் பறவைகளுக்கு நீரேரிக் கரையில் இரை தேடும் நேரம்தான் முக்கியம், நாங்கள் கிட்டப் போனால் கூட்டமாக எழும்பிவிடும். பறவைகளைப் பற்றி யாராவது ஒரு ஸீன் செய்து, அதை யாழ்ப்பாண நகரத்துப் பண்ணைப் பாலத்துப் பக்கம் பின்னேரம் காற்று வாங்க வருகிறவர்களிடம் கொடுங்கள். எங்கே போனாலும் சனம் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்காதீர்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்தும் வருடக்கணக்காக நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு பேராய்ப் போய், இருட்ட முதல் திரும்புங்கள்.

அப்பாவுக்கு இன்னொரு செய்தி. 1931இல் தமிழ்நாட்டு மன்னார்குடியில் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றி ஊரூராகக் கொண்டு போனார்கள். நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்று அவர் முதல் விதியாக எழுதியதும் அதே வருடம்தான். முடிந்தால் அப்பாவையே ஒரு தாள் எழுதச் சொல்லுங்கள், எரிய முதல் அந்த நூலகத்தில் என்ன வாசித்தார் என்று. அவர் வயதுக்காரர் சொல்லாமல் விட்டால் பிறகு கேட்க ஆளில்லை.

வாசிக்கக் காசு வாங்காதீர்கள். சொந்தமாக ஒன்று வேண்டும் என்பவரிடம் கொப்பிச் செலவை மட்டும் வாங்கலாம். கடைசிப் பக்கத்தில், "வாசித்து முடிந்தால் திருப்பித் தாருங்கள், அல்லது இன்னொருவருக்குக் கொடுங்கள்" என்று எழுதுங்கள். வராதவர்களைத் தேடிப் போகவேண்டாம்.

மழை தொடங்கினால் மார்கழி வரை சவுக்கங்காடு சரிவராது. அந்த மாதங்களுக்கு உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலை விறாந்தையைக் கேளுங்கள். இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள், ஐப்பசியில் போனால் ரியூசன்காரர் அதை எடுத்திருப்பார்கள்.