படத்தை நிறுத்திவிட்டுப் பேசும் திருடன்

கேள்வி: 'கிஸ் கிஸ் பேங் பேங்' (2005) படத்தைப் போன இதழில் புகழ்ந்திருந்தீர்களே என்று தேடிப் பார்த்தேன். கதை சொல்கிறவனே நடுவில் படத்தை நிறுத்தி, 'ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்' என்கிறான். ஒழுங்காகத் துப்பறியும் கதை எழுதத் தெரியாதவர்கள் அதையே ஜோக்காக்கித் தப்பித்துக்கொள்கிறார்கள். இதற்கு இத்தனை பாராட்டா?

பதில்: எழுதத் தெரியாதவர் என்று நீங்கள் சொல்லும் ஷேன் பிளாக்தான் 1987-இல் 'லீத்தல் வெப்பன்' என்ற போலீஸ் அதிரடிப் படத்தை எழுதியவர். 'தி லாங் கிஸ் குட்நைட்' திரைக்கதையை 40 லட்சம் டாலருக்கு விற்றவர். துப்பாக்கி, துரத்தல், சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து அலையும் இரண்டு பேர் என்று ஹாலிவுட்டின் சரக்கையெல்லாம் விற்றுப் பழகியவர், முதன்முதலாக இந்தப் படத்தைத் தானே இயக்க வந்தபோது அந்தச் சரக்கையே கேலி செய்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்தவரே தராசு சரியில்லை என்று சொன்னால் கொஞ்சம் காது கொடுக்கலாம்.

ஆரம்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்லும் ஹாரி நியூயார்க்கில் ஒரு சில்லறைத் திருடன். பொம்மைக் கடையில் திருடப் போன இடத்தில் கூட்டாளி சுடப்படுகிறான். போலீஸ் துரத்த, ஹாரி ஓடி நுழையும் அறையில் சினிமாவுக்கு ஆள் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. கையில் திணிக்கப்பட்ட காட்சியிலும் ஒருவன் தன் கூட்டாளியின் சாவுக்குக் காரணமானவன். படித்துக்கொண்டே உடைந்து அழுகிறான் ஹாரி. எதிரே இருப்பவர்களோ 'என்ன நடிப்பு!' என்று சொக்கிப்போய் அவனை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பிவைக்கிறார்கள். உண்மையான துக்கம் கண்முன் நிற்கும்போதுகூட அதற்கு மார்க் போடத்தான் இவர்களுக்குத் தெரியும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாராவது சொல்லியிருந்தால் எழுதுங்கள்.

கதை நொண்டுகிறது என்பதையும் நான் ஏற்கவில்லை. படத்தின் ஒரு பகுதி பிரெட் ஹாலிடேயின் 1941-ஆம் ஆண்டு துப்பறியும் நாவலிலிருந்து வந்தது. அத்தியாயத் தலைப்புகள் துப்பறியும் கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லருடையவை. மலிவு விலைத் துப்பறியும் நாவல்களில் இரண்டு வழக்குகள் வரும், சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும், கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று ஹாரியின் பால்ய சிநேகிதி ஹார்மனியின் பாத்திரம் வாய்விட்டே சொல்லிவிடுகிறது. அப்புறம் படம் அதையேதான் செய்கிறது! சீட்டைத் திறந்து காட்டிவிட்டு ஆடுகிறார் பிளாக். அப்படியும் நாம் தோற்கிறோம்.

'ஜோக்காக்கித் தப்பித்துக்கொள்கிறார்கள்' என்றீர்கள். ஒரு காட்சியை நினைவுபடுத்துகிறேன். ஓர் அடியாளிடமிருந்து உண்மையை வரவழைக்க, ரிவால்வரில் ஒரே ஒரு குண்டைப் போட்டுச் சுழற்றி அவன் தலையில் வைத்து விசையை அழுத்துகிறான் ஹாரி. ஆயிரம் படங்களில் பார்த்த மிரட்டல்தான். இங்கே குண்டு வெடித்துவிடுகிறது, ஆள் காலி. வெடிக்க எட்டு சதவீதம்தான் வாய்ப்பு என்று ஹாரி சமாதானம் சொல்ல, உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கத்துகிறார் ஹாரிக்குத் தொழில் கற்றுத்தரும் நிஜத் துப்பறிவாளர் பெரி (வால் கில்மர்). ஆறு அறைகளில் ஒரு குண்டு என்றால் கிட்டத்தட்ட 17 சதவீதம். சினிமா பார்த்து வளர்ந்தவன் சினிமாவை நம்பிக் கையை நீட்டினான். பிணமும் விழுந்தது, வரவேண்டிய தகவலும் போனது. இதில் யார் எங்கே தப்பித்தார்கள்?

படத்துக்குள் படத்தைக் கேலி செய்வது ஏதோ புது நோய் என்றும் நினைக்க வேண்டாம். 1924-இலேயே மௌனப்பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டன் 'ஷெர்லாக் ஜூனியர்' எடுத்துவிட்டார். துப்பறிவாளனாக ஆசைப்படும் புரொஜக்டர் ஆபரேட்டர் கனவில் திரைக்குள்ளேயே நடந்து போகிறான். தோட்டத்து பெஞ்சில் உட்காரப் போனால், காட்சி மாறி நடுத்தெருவில் விழுகிறான். எடிட்டிங் என்ற தந்திரமே அங்கே வில்லன். முக்கால் மணி நேரப் படம்தான், பாருங்கள்.

சரி, உங்களுக்கு ஓர் இடத்தை விட்டுத் தருகிறேன்: முடிவு. பெரி செத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் உயிரோடு வருகிறார். இப்படிப் பிழைக்கவைப்பது ஸ்டுடியோக்காரர்களின் அசட்டுத்தனம் என்று ஹாரியே நொந்துகொள்ள, படத்தில் செத்தவர்கள் எல்லாரும் அறைக்குள் வருகிறார்கள், கூடவே ஆபிரகாம் லிங்கனும். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்த பிறகும் பெரி உயிரோடுதானே இருக்கிறார்? கேலியும் செய்து, கேலி செய்த பண்டத்தையும் நம் தலையில் கட்டிவிட்டார் பிளாக். நீங்கள் சொன்ன தப்பித்தல் இந்த ஓர் இடத்தில் நிஜம். படம் முழுக்க அப்படி என்று சொன்னதுதான் அவசரம்.

கடைசியாக ஒன்று. சுமார் 1.5 கோடி டாலரில் எடுத்த படம், தியேட்டர் வசூல் அதைக் கொஞ்சம்தான் தாண்டியது. உங்கள் கட்சிக்கு அன்றைக்கே ஆள்பலம் இருந்திருக்கிறது, கவலைப்படாதீர்கள்.